பிடியரிசி

ஊர்ப் பெயர் சமாதானவிளை.
சிரிக்க வேண்டாம்.
மூன்று வருஷமாகக் கோயில் கதவில் ரெண்டு பூட்டு.
மேலத்தெருச் சாவி வேதக்கண் இடுப்பில்,
கீழத்தெருச் சாவி தவசிமுத்து வீட்டு ஆணியில்.
ஞாயிறு காலை இருவரும் வர வேண்டும்,
முகம் பாராமல் திறக்க வேண்டும்.
கோயில்குட்டி நடுவில் நின்று
மணிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சேகரக் கமிட்டித் தேர்தலில் ஏழு ஓட்டு வித்தியாசம்.
அதற்குத் திருநெல்வேலிக் கோர்ட்டில்
பத்தொன்பது வாய்தா.

என் வேலை அதொன்றுமில்லை.
உலையில் போடும் முன் ஒரு பிடி
ஆண்டவருக்கென்று எடுத்துவைப்பார்களே,
அதைச் சனிக்கிழமை வீடுவீடாய் வாங்கி வருவது.
பேர் ஜெபக்கனி. ரேஷன் கார்டில் ஜெயக்கனி.

சண்டை வந்த வாரமும் அரிசி வந்தது.
தவசிமுத்து பெண்சாதி அம்பாசமுத்திரத்துப் பழைய அரிசி,
வேதக்கண் மருமகள் கடைப் பொன்னி,
கடைசி வீட்டு அன்னமுத்து ரேஷன் அரிசி,
கல் பொறுக்கி,
வெட்கப்பட்டு முந்தானையால் மூடி.

ஆவணியில் ரெண்டு தெருவிலிருந்தும் ஆள் வந்தது.
"இந்த வருஷம் அசனம் ரெண்டு.
அரிசியையும் ரெண்டா வை."
சரி என்றேன்.
புதுச் சாக்கு ரெண்டு கொடுத்தார்கள்.
ஒன்றில் மேற்கு என்று மையால் எழுதியிருந்தது.

சாக்குகள் நிறைந்த ராத்திரி
நிருபத்தை எடுத்து உட்கார்ந்தேன்.
காவலில் இருந்தபடி எழுதிய கடிதம்.
சந்தோஷம், சந்தோஷம் என்றே எழுதி வந்தவர்
முடிக்கப்போகிற இடத்தில்
எயோதியாள், சிந்திகேயாள் என்று
ரெண்டு பொம்பளைகள் பேரைச் சொல்லிவிடுகிறார்.
சபை முழுக்கக் கேட்க வாசித்திருப்பார்கள்.
முகத்தை எங்கே வைத்துக்கொண்டார்களோ, பாவம்.
மனசு ஒத்திருங்களம்மா என்று
இவளுக்குத் தனியாக, அவளுக்குத் தனியாக,
கூடக் குறைய இல்லாமல் புத்தி சொல்கிறார்.
எதற்குச் சண்டை என்று எழுதவில்லை.
வாய்க்காலா, வரியா,
பந்தியில் முந்தி உட்கார்ந்ததா,
ஒருவருக்கும் தெரியாது.
சண்டை செத்துப்போயிற்று.
கெஞ்சல் மட்டும் கடல் தாண்டி, தேரி மணல் தாண்டி
என் குண்டு பல்பு வெளிச்சத்தில் கிடக்கிறது.

அந்தக் கடைசி ராத்திரியிலும் அப்படித்தானே.
அப்பத் துணிக்கை வாயில் இருக்கும்போதே
யார் பெரியவன் என்று மல்லுக்கட்டினார்கள் சீஷர்கள்.
அவர் யாரையும் எழுப்பி அனுப்பவில்லை.
வானத்தைப் பார்த்து,
இவர்கள் ஒன்றாயிருக்கட்டும் என்று
தகப்பனிடம் கேட்டார்.
ஜெயிக்கட்டும் என்று கேட்கவில்லை.

எழுந்தேன்.
ரெண்டு சாக்கையும் தகர டிரம்மில் கொட்டினேன்.
முழங்கை வரை விட்டுக் கிளறினேன்.

காலையில் வந்தார்கள்.
வேதக்கண் ஒரு பிடி அள்ளினார், தவசிமுத்து ஒரு பிடி.
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள்.
பழையது மஞ்சள், ரேஷன் பருமன்.
பொறுமையிருந்தால் பிரிக்கலாம்.
முறத்தை நீட்டினேன்.
"உனக்கு இனி இந்த வேலை கெடயாது" என்றார் வேதக்கண்.
"ஆமா" என்றார் தவசிமுத்து.
மூன்று வருஷத்தில்
இருவரும் ஒத்துப்போன முதல் காரியம் அது.

அசனம் ஒன்றுதான் நடந்தது.
சமையலுக்கு வந்த மாசானம்
பக்கத்து ஊர்ச் சுடலை கோயில் கொடைக்கு ஆக்குகிறவர்.
"இத்தன ரகத்தையும் ஒரே உலையில போட்டா
ஒண்ணு கொழையும் ஒண்ணு வெறைக்கும், தாயி" என்றார்.
மூணு தடவை வெந்நீர் விட்டார்.
பொன்னி குழைந்தது, பழையது பல்லில் நின்றது,
உப்பு ஒரு கை குறைவு.
மேலத்தெரு ஆம்பளைகள் பாதிப்பேர் வரவில்லை.
வந்தவர்களும் பேசிக்கொள்ளவில்லை.
சாம்பார் வாளி மட்டும்
இலைக்கு இலை நின்று நின்று போயிற்று.

பூட்டு இன்னும் ரெண்டுதான்.
அடுத்த வாய்தா பதினாலாம் தேதி.

பிடியரிசிக்குப் புது ஆள் வருவாள் என்றார்கள்.
இந்தச் சனிக்கிழமை மதியம் வரை பார்த்தேன்.
யாரும் வரவில்லை.
பையை உதறி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.
கடைசி வீட்டில் அன்னமுத்து
அரிசியை மூடாமல் கொண்டுவந்தாள்.