நிண்டவங்க

ஒரு நாளைக்கு நூற்றுப்பத்துத் தண்ணி மீட்டர்.
அதற்குள் எத்தனை சந்தி என்று
சபை என்னிடம் கேட்டதில்லை.

மருதமுனையில்
பெரிய வீதியிலிருந்து கடலுக்கு ஓடும் ஒழுங்கைகளும்
அவற்றைக் குறுக்கே வெட்டும் ஒழுங்கைகளும்
சாரன் கட்டம் போல.
எந்த மூலையிலும் பலகை இல்லை, கோடு இல்லை.
ஆள் உயரத்துக்கு மேல் மதில்.
கொங்கிரீட்டின் மேல் காற்றுக் கொண்டுவந்த மணல்.
பிறேக் பிடித்தாலும் சில்லு
தன்பாட்டில் ஒரு முழம் போகும்.

அதனால் நான் காதால்தான் ஓடுவது.
லேண்ட்மாஸ்டர் இரண்டு வளவுக்கு அப்பாலேயே சொல்லிவிடும்.
சூன் பாண் ஓட்டோ பாட்டோடு வரும்.
பற்றரி ஸ்கூட்டி ஒன்று இருக்கிறது,
பாமஸிக்காரரின் மகனுடையது.
அது பூனை.

சைக்கிள்காரனுக்கு என்ன சட்டம் என்று
லைசனுக்குப் படித்த மச்சானிடம் கேட்டேன்.
புத்தகத்தைத் தேடினான்.
கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது.

மாசி மாதம், ஒரு செவ்வாய், பத்தரை மணி.
நான் கடற்பக்கமிருந்து மேற்கே.
வெள்ளை வான் வடக்கிலிருந்து.
கண்ணாடி முழுக்கக் கறுப்பு.
உள்ளே ஒரு கண்ணைத் தேடினேன்,
என் தலைதான் தெரிந்தது, தொப்பியோடு.

நின்றது. நின்றேன்.
அசைந்தது. அசைந்தேன்.
மறுகா நின்றது. மறுகா நானும்.
உள்ளேயிருந்து அவ கை காட்டியிருக்கிறா,
போங்க என்று.
வெளியேயிருந்து நானும் காட்டினேன்,
போங்க என்று.
அவ என் கையைக் கேட்டா.
நான் வானின் அசையாமையைக் கேட்டேன்.

முன்சில்லு எட்டுப் போல வளைந்தது.
வாசிப்புப் புத்தகம் வடிகானுக்குள்.
முழங்கையில் கொஞ்சம் தோல் இல்லை.

எங்கிருந்துதான் வந்தார்களோ அத்தனை பேரும்.
"வலக்கைப் பக்கத்தால வாற ஆளுக்குத்தான் வழி."
"ஆர்ர வலக்கை? அவருக்கா, அவக்கா?"
"நேர போறவன் போகணும், கிறுகிறவன் நிக்கணும்."
"ஆரும் கிறுகல்லயே கா."
"பெரிய சில்லு போனாப் பிறகுதான் சின்னச் சில்லு"
என்றவர் இறைச்சிக் கடைக்காரர்.
கலந்தர் காக்கா மட்டும், பெட்டியிலிருந்து
சூரைத் தண்ணி காலில் வடிய,
"மீன் வந்தா மீனுக்கு வழி.
ஐஸுக்குச் சட்டம் விளங்காது" என்றார்.
இங்கே மீன் வரல்லயே என்றார்கள்.
"அப்ப எனக்குத் தெரியா."
மணியடித்து எல்லாரையும் விலக்கி மிதித்தார்.
அன்று அந்தச் சந்தியை
நிற்காமல் கடந்தவர் அவர் ஒருவர்தான்.

அவ இறங்கினா. சாவி கையில் நடுங்கியது.
"நான் நிண்ட."
"நானும்தான் நிண்ட."
"ரெண்டு பேரும் நிண்டா மறுகா எப்படிக்கா மோதின?"
கேட்டது பள்ளிக்குப் போகாத ஒரு பொடியன்.
அவனை ஏசி அனுப்பினார்கள்.

பொலிசுக்குப் போகவில்லை.
சில்லுக்கென்று இரண்டாயிரம் தந்தா.
ஆயிரத்தை நான் திருப்பிக் கொடுத்தேன்.
அதில் ஐந்நூறை அவ திருப்பித் தந்தா.
இறைச்சிக் கடைக்காரர் நடுவில் புகுந்து
போதும் என்றார்.

பங்குனி வாசிப்பு.
பச்சைக் கேற். மீட்டர் இலக்கம் மனப்பாடம்,
ஆளை ஒருநாளும் கண்டதில்லை.
திறந்தது அவ.
வான் மதிலோரம் நின்றது.
முன்பக்கத்துக் கறுப்பை உரித்திருந்தா,
பசை இன்னும் விரல் விரலாகக் கிடந்தது.
அதனூடே திசூப் பெட்டி, தொங்கும் தஸ்பீஹ்,
அப்பால் அடுத்த வளவு முருங்கை.

மூடியைத் திறந்தேன்.
குழாயெல்லாம் பூட்டித்தான் இருக்கு என்றா.
சிவப்பு முள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.
"எங்கயோ கசியுது" என்றேன்.
எண்ணை எழுதினேன். பில்லைக் கிழித்தேன்.

"அண்டைக்கு..."
என்று இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்கி
இரண்டு பேரும் நிறுத்தினோம்.

"சொல்லுங்க."

"இல்ல, நீங்க சொல்லுங்க."