இரண்டு பேருக்கான காற்று

திருமயம் தாண்டியதிலிருந்தே வண்டி ஒரு மாதிரி.
நேர்ச்சாலையில் பசு.
வளைவில் சாய்க்கப் போனால்
முதலில் மாட்டேன் என்கிறது,
பிறகு ஒரேயடியாகப்
பொத்தென்று உள்ளே விழுகிறது,
பேருந்து நெரிசலில் யாரோ முதுகில் தள்ளிவிட்டதுபோல்.

ஷாக் அப்சார்பர் என்று நினைத்தேன்.
செயின் என்று நினைத்தேன்.
கானாடுகாத்தான் விலக்கில் இளநீர் குடித்தபோது
என் வயசு என்றும் நினைத்தேன்.

தேவகோட்டை ரஸ்தாவில் அடைக்கலம் டயர் கடை.
அடைக்கலத்துக்கு இருபத்தாறு இருக்கும்.
நடு ஸ்டாண்டில் வண்டியை ஏற்றிப்
பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு
உள்ளங்கையைக் குறுக்கே வைத்தார்.

"சதுரமாப் போச்சு சார்.
நடுவுல ஆத்தங்குடிக் கல்லை ஒட்டி வச்ச மாதிரி."

குனிந்தேன்.
நான்கு விரல் அகலத்துக்குத் தட்டை.
தட்டை முடிகிற இடத்தில் ஒரு விளிம்பு.
வளைவுதோறும் நான் தடுக்கிய படி
அதுதான்.
ஆனால் இரண்டு ஓரங்களிலும்
தொழிற்சாலை விட்ட ரப்பர் மயிர்கள்
இன்னும் உதிரவில்லை,
தார் எப்படியிருக்கும் என்றே தெரியாமல்.

பதினோராயிரத்து நானூறு கிலோமீட்டர்.
ஓசூர், ஹுப்பள்ளி, நாக்பூர், திரும்பி நெல்லூர்.
எல்லாம் நாலுவழி, எல்லாம் நேர்.
இந்தப் பக்கத்துத் தெருக்கள்கூட
அடிக்கோல் வைத்துக் கிழித்தவை.
பள்ளத்தூரில் ஒரு முனையில் ஹாரன் அடித்தால்
மறுமுனையில் மாடு திரும்பும்.
தப்பு சாலைகளுடையது என்று
சொல்ல ஆரம்பித்தேன்.

அவர் காற்றுமானியைச் செருகினார்.
"நாப்பத்திரெண்டு.
பின்னாடி யார் வர்றாங்க?"

யாரும் இல்லை.

"இது ரெண்டு பேருக்கு உள்ள காத்து சார்.
பெட்டியோட ரெண்டு பேருக்கு.
ஒத்தையாப் போனா டயர் உப்பி
நடு மட்டுந்தான் தரையில மிதிக்கும்."

உமையாள் தனியாக வண்டி வாங்கிப்
பதினாறு மாதம் ஆகிறது.
பின்னால் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் உன் முதுகுதான் என்றாள்,
சண்டையாக இல்லை,
பெட்ரோல் கணக்குச் சொல்வதுபோல.
இப்போது கொல்லிமலையில்
எழுபது கொண்டை ஊசியில் எத்தனையாவதிலோ இருப்பாள்.
போன மாதம் அவள் டயரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்:
நடுவில் பள்ளம் பள்ளமாகப் புதுக்கோடுகள்,
ஓரங்கள் வழுவழுவென்று.
'கடைசி மயிர் வரை' என்று எழுதியிருந்தாள்.
நான் ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினேன்.

செயின் கவரில் ஸ்டிக்கர் உண்டு.
ஒருவர் என்று ஒரு வரி, இருவர் என்று ஒரு வரி.
ஞாயிறுதோறும் பங்கில் நின்று
கண் கீழ்வரிக்கே போயிருக்கிறது.

பழைய டயரைக் கழற்றி ஓரமாக உருட்டினார்.
"தொண்டியில படகுக்குக் கட்டக் கேப்பாங்க."
ஓரம் நல்லாருக்கே, என்றேன்.
"அங்க ஓரந்தான் சார் இடிபடும்."

புதுசை மாட்டி,
ரிம்மில் உட்காரட்டும் என்று
ஐம்பது வரை ஏற்றினார்.
டப் டப் என்று இரண்டு சத்தம்.
பிறகு வால்வை அழுத்திப் பிடித்தார்.
நாற்பத்தைந்து.
நாற்பத்திரண்டைத் தாண்டும்போது
போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
கடை வாசலில் தூசியைக் கிளப்பிக்கொண்டு
அது பாட்டுக்குப் போனது.
முப்பத்தாறு.

"புது டயர்ல மெழுகு இருக்கும்.
நூறு கிலோமீட்டருக்குப் படுக்காதீங்க.
கொஞ்சங் கொஞ்சமாச் சாய்ங்க,
ரெண்டு பக்கமும்."

கோட்டையூர் போகிற வழியில் ஓர் ஊருணி.
சுற்றிலும் சாலை, நான்கு முனை.
முதல் சுற்றில் பயம்.
இரண்டாவதில் முழங்கை தளர்ந்தது.
மூன்றாவதில், படியில் துணி அலசியவர் நிமிர்ந்து
"வழி தெரியலையா?" என்றார்.

தெரியவில்லை என்றே சொல்லிவிட்டு
வண்டியைத் திருப்பினேன்.
இதுவரை இடப்பக்கம் மட்டுந்தான் ஆகியிருந்தது.