மூணு மாவுக்கு மிஷின்

கூத்தாநல்லூர் ஜபருல்லா காலை ஆறேகாலுக்குக் கூப்பிட்டார்.
"ஏம்மா, கோட்டூர்லேர்ந்து மூணு மாவு
அரைக்க வருதுன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுது.
அரிசியா, கேழ்வரகா?
எத்தனை கிலோன்னு போடவே இல்லையே."

வைரக்கண்ணு முந்தின இரவு கேட்டது இவ்வளவுதான்:
மூணு மாவுக்கு மிஷின் வேணும், சீக்கிரம்.
ஏக்கருக்கு ஒரு சென்ட் குறைச்சலான வயல்.
கதிர் சாய்ந்து கிடக்கிறது.
தை பிறந்தும் மேகம் போகவில்லை.

வண்டிக்கு நானே போன் போட்டேன்.
ஏஜெண்ட்டைத் திட்ட வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.
அதன் கையில் இருப்பவை
நான் கொடுத்த பதினொரு கருவிகள்.
அறுவடை வண்டிக்கு நான் எழுதியிருந்த விளக்கம்:
"இயந்திரத்தைப் பதிவு செய்யும்."
உறுப்பினர்களின் தானியம் அரைக்க:
"மாவு இயந்திரத்தைப் பதிவு செய்யும்."
மாவு என்ற சொல் எங்கே இருந்ததோ
அங்கே போயிருக்கிறது.

மன்னார்குடி, உரக்கடை மாடி.
பூச்சிமருந்து வாசனை படியேறி வரும் அறை.
அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிறேன்.

மா என்பது முப்பத்துமூன்று சென்ட் நிலம்.
காய்க்காது, அரைபடாது.
வேலி என்பது இருபது மா.
முள் கிடையாது.
மூட்டை, கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ,
வியாபாரியிடம் அறுபது.
யாரிடம் என்று தெரியாவிட்டால் கேள்.
ஊகிக்காதே.

ஊகிக்காதே என்று எழுதிவிட்டு
கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாமணி ஆற்றுக்கு இரு கரையிலும்
ஊகிக்காமல் ஒரு நாளை ஓட்டியவர் உண்டா?
"அந்த மேக்கால வயலு" என்றால் போதும்,
டிராக்டர் திரும்பும்.
"அவரு வரல" என்றால்
டீக்கடையில் நாலு பேருக்கும் எவரென்று தெரியும்.
இதற்கோ ஒவ்வொரு முறையும் இன்றுதான் பிறந்தநாள்.
என் வரிகளை மட்டும் பிடித்துக்கொண்டு
தெரியாத ஊரில் இறங்குகிறது,
பஸ் ஸ்டாண்டில் துண்டுச்சீட்டோடு நிற்பவனைப் போல.
சீட்டில் கையெழுத்து என்னுடையது.

ரெஜினா படித்துப் பார்த்துக் கேட்டாள்:
"வயல் ஈரமா இருந்தா?"
பெல்ட் வண்டி, என்றேன்.
"அத எங்க எழுதியிருக்க?"

எழுதினேன்: கால் புதையும் வயலுக்கு டயர் வண்டி கூடாது.
"கால் யாருக்கு இருக்கு?" என்றாள்.
அழித்தேன்.
வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று விவசாயியைக் கேள்.
நிற்கிறது என்றால் பெல்ட்.
தெரியாது என்றாலும் பெல்ட்.

வண்டியே கிடைக்காதபோது என்ன சொல்வது,
அதுதான் கடினமாக இருந்தது.
போன மாதம்வரை எதுவும் சொல்லாமல்
காலியாகத் திருப்பி அனுப்பும்படி வைத்திருந்தேன்.
காலியை அது சம்மதம் என்று எடுத்துக்கொண்டு
"பதிவாகிவிட்டது ஐயா" என்றது.
ஒருவர் வரப்பில் அரை நாள் நின்றார்.
எங்களுக்குப் போன் செய்து சத்தம்கூடப் போடவில்லை,
மறுநாள் வேறு ஆளிடம் போய்விட்டார்.
இப்போது: "வண்டி இல்லை. அடுத்தது வியாழன் காலை.
பதிவு செய்யும் முன் அவரிடம் கேள்."

நாலரை மணிக்கு வைரக்கண்ணுவிடமிருந்து குரல் பதிவு.
நாற்பது நொடி மிஷின் இரைச்சல்,
முடிவில் "சரிம்மா".

பத்து கருவிகள் முடிந்தன.
ரெஜினா பையை மாட்டிக்கொண்டு
விளக்கின் சுவிட்சில் கை வைத்தாள்.
"நாளைக்குப் பாத்துக்கலாம், விடு."

திரையில் பதினொன்றாவது, பம்புசெட்டுக்கானது.
விளக்கம் இன்னும் இல்லை.
ஆறு மாதம் முன்பு அவசரத்தில் நான் வைத்த பெயர் மட்டும்:
தண்ணி_விடு.

திறந்து விடுவதா,
போனால் போகிறதென்று விட்டுவிடுவதா?

லைட்டை அணைக்காதே, என்றேன்.