அமைதியான கடல்

ராம்நாட்டில் செல்போன் கடைக்கு மேல்மாடி.
"கண்ணை மூடுங்க, சிலுவைதாசன்.
அமைதியான கடலை நெனைங்க" என்றார்.

நினைத்தேன்.
காற்றில்லை. நீவாடு இல்லை.
வலை அப்படியே தொங்குகிறது.
டீசல் கடன் மட்டும் நகர்கிறது.
கை தானாகச் சட்டைப்பையில் பீடி தேடியது.

"சரி, வேற எடம்" என்றார். அவருக்கும் வேர்த்திருந்தது.
பத்திலிருந்து இறங்கச் சொன்னார்.

ஏழில் பாம்பன் பாலத்தடியில் நுழைந்தேன்.
நாலில் ஐஸ் உடைக்கிற சத்தம்.
இரண்டில்
ஸ்டெல்லா என் சட்டையை மோந்து பார்த்து
ஒன்றும் சொல்லாமல் துவைக்கப் போடுகிறாள்.
ஒன்றை அவர் சொன்னாரா, தெரியவில்லை.

ஒன்பது நாளாகிறது.
தீப்பெட்டி பையில்தான் இருக்கிறது.
நேற்று விடிகாலை, குந்துகால் பக்கம்,
ஒரு குச்சியைக் கிழித்து
அணையும்வரை
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடல் அமைதியாகத்தான் இருந்தது.
மீனே இல்லை.