ரெண்டு மில்லிமீட்டர்

அறுநூத்திப் பன்னெண்டு பீஸ் ரிஜெக்ட்.
காரணம் என்று எழுதியிருந்தது: சூரியன்.

கடல்கோட்டுக்கு மேலே நிற்க வேண்டியது
ரெண்டு மில்லிமீட்டர் இறங்கி
கோட்டைத் தொட்டுவிட்டது.
ஸ்கிரீன் பிடித்தது என் கைதான்.

அந்த ஊரில் ஆனி ஏழாம் தேதி
பொழுது அடையாதாம்.
ராத்திரி பதினொன்றரைக்கு
ரோட்டில் ஓட்டப்பந்தயமாம்.
பையர் எழுதியதை
மெர்ச்சண்டைசர் மோகனசுந்தரி படித்துச் சொன்னாள்.

"அப்ப அவிய எப்பங்க தூங்குவாங்க?"
ஓவர்லாக் ரங்கநாயகி கேட்டாள்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.
மறுபடி அடித்து ஏரோப்பிளேனில் ஏற்ற
நாலு ராத்திரி நாங்களும் முழித்தோம்.

தொட்ட சூரியன்களை
பீஸ் நாற்பது ரூபாய் என்று
சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள்.
ஒரு வாரத்தில்
லைன் முழுக்க அதே பனியன்.

ஆனி ஏழு.
ஷிப்ட் விட்டுக் கிளம்பிய பஸ்
அருள்புரம் தாண்டுமுன் உஸ்ஸென்று உட்கார்ந்தது.
அரைமணி ஆகும் என்றார் டிரைவர்.
சாரல். பாலக்காட்டுப் பக்கத்துக் காத்து
முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது.
ஒடிசாப் பையன் பிரதீப்
செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகினான்.
எதுக்குடா என்பதற்குள்
லாரி வெளிச்சத்தில் போய்விட்டான்.

அப்புறம் ரங்கநாயகி, டிபன் கேரியர் கடகடக்க.
அப்புறம் செக்கிங் பெண்கள் ஏழெட்டுப் பேர்.
அப்புறம், வேறு வழியில்லாமல், நான்:
நாப்பத்தியொரு வயசு,
நெஞ்சுக்குள் பதினெட்டு வருச மை வாசம்.

விளக்குக் கம்பம் வந்தால் நிழல் பின்னால் போகும்,
தாண்டினால் முன்னால் ஓடும்.
ஒரு நாய் கொஞ்சதூரம்
எல்லாரையும் ஜெயித்துக்கொண்டே வந்து
பேக்கரி வாசலில் சலித்துப் படுத்தது.

"அங்க இப்ப மணி எட்டுதான்,
இன்னும் கெளம்பியிருக்க மாட்டாங்க!"
மூச்சு வாங்கக் கத்தினாள் மோகனசுந்தரி.
அவளும் ஓடுகிறாள் என்பது
அப்போதுதான் தெரிந்தது.

வீரபாண்டிப் பிரிவில்
பாதி ஷட்டர் இறக்கிய டீக்கடை.
குனிந்து, முழங்காலைப் பிடித்து,
பேச்சு வராமல் நின்றேன்.
ரங்கநாயகி என் நெஞ்சைப் பார்த்தாள்,
பனியனைத்தான்.

"நாச்சிமுத்தண்ணா,
கோட்டைத் தொட்டா
ஓடி முடிச்சாச்சுன்னு தானுங் அர்த்தம்?"

காலியாக வந்த பஸ்
ஹாரன் அடித்து அடித்து நின்றது.
அஞ்சு டீ ஆறாக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம்.
காலையில் எட்டரைக்கு ஷிப்ட்.
யாரும் ஏறவில்லை.