பதினோராம் நிமிடம்

ஜெபக்கனி,
மேல்தட்டில், உன் ஓட்ஸ் டப்பாவுக்குப் பின்னால்
ஒரு நாவல் வைத்திருக்கிறேன்.
தலைப்பு கேட்காதே.
மகிளா ஹாட் ஞாயிறு சந்தையில்
பொறியியல் கைடுகளின் குவியலுக்கு அடியில்
ஒரு 'ழ' தெரிந்தது, இழுத்தேன்.
தராசில் நானூறு கிராம்.
அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கமும் இல்லை.
பதினேழாம் பக்கத்தில் ஒருத்தி
ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறாள்.
ஏன் என்று கடைசிவரை தெரியவில்லை.
அதற்காகவே படி.

நீ சொன்ன சமையல் போட்டியைப் பார்த்தேன்.
பிடிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.
பன்னிரண்டு பேர் ஒரு கத்தரிக்காயைச் சுற்றி நின்று
சொத்து பிரிப்பதுபோல் விம்முகிறார்கள்.
ஆனால் அந்த லாரி டிரைவர்
ரசத்தை ருசி பார்க்காமலே இறக்கினானே,
மணத்தை மட்டும் நம்பி,
அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

கடையில் லென்ஸ் தேய்க்கும்போது
காதில் ஒரு பாம்புபிடிக்காரர் பேசுகிறார் இப்போதெல்லாம்.
வாராவாரம் ஒரு வீடு, ஒரு பாம்பு.
பாம்பைவிட வீட்டுக்காரர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார்.
உனக்குப் பிடிக்கும். வார்டு மாதிரியே இருக்கும்.

நாம் ஒரே கட்டிலில் தூங்குகிறோம்,
நீ பகலில், நான் இரவில்.
முனிர்க்காவின் இந்த முழங்கை அகலப் படிக்கட்டில்
காலையில் இரண்டு நிமிடம் பார்த்துக்கொள்கிறோம்.
"டேங்கர் வரல."
"கூலருக்குத் தண்ணி ஊத்திட்டேன்."
மற்றதெல்லாம்
புத்தகத்தில் செருகிய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்.

கலங்கரை விளக்கத் தொடரைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா,
ஆறே பகுதி, ஒரு தீவு, பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி,
தில்லி ஜூனுக்கு வேண்டிய அளவு மழை.
ஆளுக்குப் பாதி கட்டும் கணக்கில்
நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.
திங்கள், முதல் பகுதி முழுதும்.
செவ்வாய், இரண்டும் மூன்றும்.
என் ரசனை ஜெயித்துவிட்டதென்று
முதலாளி குரோவரிடம்கூட பீற்றிக்கொண்டேன்,
அவருக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும்.
புதன், நான்காம் பகுதி, பதினோராம் நிமிடம்.
வியாழன், பதினோராம் நிமிடம்.
சனி வரைக்கும் அந்தச் சிவப்புக் கோடு
அடைத்துக்கொண்ட டிரிப்ஸ் போல
அசையவே இல்லை.

நேற்று நான் அந்த இடத்தைப் போட்டுப் பார்த்தேன்.
பெரிதாக எதுவும் நடக்கவில்லை.
விளக்கறையில் தொலைபேசி ஒலிக்கிறது.
ஊரிலிருந்து தம்பி.
அண்ணன் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறான்.
ஒலிக்கிறது.
அவ்வளவுதான் காட்சி.

போன ஞாயிறு நீ தூங்கும்போது
தலையணைக்கடியில் உன் போன் அதிர்ந்தது.
'நாசரேத் அண்ணன்' என்று இருந்தது.
ஏழு தடவை.
ஆறாவதில் நீ கண் திறந்தாய்,
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.
நான் குக்கரின் விசிலை எண்ணுவதுபோல் நின்றிருந்தேன்.
கேட்கலாம்தான்.
இரண்டு நிமிடத்தில் எதைக் கேட்க?

கதை முடிவைச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது,
உனக்கே தெரியும்,
ஷாலினியோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தது அதனால்தான்.
இருந்தும் சொல்கிறேன்.
ஐந்தாம் பகுதியைத் தாண்டிவிடு, வெறும் படகு.
ஆறில், முப்பத்தெட்டாம் நிமிடத்தில்
எடுத்துவிடுகிறான்.
ஹலோகூடச் சொல்வதில்லை.
ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டி
மழையைக் கேட்க விடுகிறான்.

பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.
பாம்புக்காரர் இருக்கிறார், நாவல் இருக்கிறது.
நாவலில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் மூலையை
மடித்தது நானில்லை, எனக்கு முன்னால் யாரோ.
நான்கு முறை படித்தேன்.
ஒரு கல்யாண வீட்டில் இலை எண்ணுகிறார்கள்,
ஒன்று குறைகிறது, அவ்வளவுதான்.
எதற்கு மடித்தார்களென்று பிடிபடவில்லை.
உனக்குப் புரிந்தால்
சீட்டில் எழுதி வை.
பால் தீர்ந்துவிட்டது.