முந்நூற்று இருபத்தெட்டு சதுர அடி

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இணைப்பில்
எங்கள் ஹொரமாவு வந்திருந்தது.
மெட்ரோ தூண்கள் எழ எழ
சதுர அடி எட்டாயிரத்து இருநூறைத் தொட்டுவிட்டதாம்.
பக்கத்தில் ஒரு படம்,
வெள்ளைச் சோபாவில் சிரிக்கும் நால்வர்.
யார் வீடோ.

தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டுப்
பெருக்கிப் பார்த்தேன்.
ஆயிரத்து நூற்று நாற்பது சதுர அடிக்குத்
தொண்ணூற்று மூன்று லட்சத்துச் சொச்சம்.
தோசை கருகும்வரை நான் பணக்காரி.

அதே வாரம் வங்கியிலிருந்து கடிதம்.
வட்டி விகிதம் திருத்தியமைக்கப்பட்டுள்ளது,
மாதத் தவணையில் மாற்றம் ஏதும் இல்லை.
மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் இருந்தது
2036 என்பது 2044 ஆகிப்போன சேதி.
மணி அடிக்காமல் உள்ளே வந்து
கூடத்தில் உட்கார்ந்துகொண்டன எட்டு வருஷங்கள்.
அப்போது எனக்கு அறுபத்திரண்டு.
எங்கள் ஆஸ்பத்திரி லேபில்
ஐம்பத்தெட்டுக்கு மேல் யாரையும் வைத்துக்கொள்வதில்லை.

அன்றிரவு தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்தேன்.
ஒரு முனையை அகல்யா பிடித்தாள்.
கூடம், இரண்டு அறை, சமையலறை,
ஒருவர் நின்றால் மற்றவர் வெளியேற வேண்டிய பால்கனி.
எண்ணூற்றுப் பன்னிரண்டு.
பீரோவை நகர்த்தி மறுபடி அளந்தோம்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு.

"மிச்சம் எங்கம்மா?"
"சூப்பர் பில்ட்-அப்" என்றேன்,
ஏதோ வைட்டமின் பெயரைச் சொல்வதுபோல.

விற்றவன் அன்றே சொல்லியிருந்தான்:
மாடிப்படி, லாபி, ஜெனரேட்டர் மேடை,
எல்லாம் உங்களுடையதுதான் மேடம்.
நாற்பத்தெட்டு வீட்டுக்காரரிடமும்
இதையே சொல்லியிருப்பான்.
பொய் என்றும் சொல்ல முடியாது.
வாங்கிய அன்றைய விலைக்குப் பதினான்கு லட்சத்துப் பத்தாயிரத்து நானூறு ரூபாய்
என் கதவுக்கு வெளியே கிடக்கிறது.

அதன்பின் போக வர அதையே தேடினேன்.
தேக் பகதூரின் பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் கொஞ்சம் இருக்கலாம்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
யாரோ கழற்றிப்போட்ட ஷூக்களுக்கு அடியில் கொஞ்சம்.
டேங்கர்க் குழாய் சொட்டித் தேங்கிய இடத்தில்
பாசி பிடித்துக் கொஞ்சம்.

வியாழக்கிழமை ராத்திரி மழை.
நானும் சங்கப் பொருளாளர் திம்மராயப்பாவும்
லிஃப்டில் ஏறியிருந்தோம்.
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே கரண்ட் போனது.
ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

"டீசல் இல்ல மேடம்" என்றார் இருட்டில்.
"பதினோரு வீடு மெயின்டனன்ஸ் பாக்கி."
அழைப்பு மணியைத் தேடிச் செல்போன் விளக்கைப் போட்டார்.
இன்னொரு கையில் பாக்கிப் பட்டியல்.
ஏழாவது வரியில் 503.
நான் பார்ப்பதைப் பார்த்தார்.
கட்டைவிரல் மெல்ல நகர்ந்து
அந்த எண்ணின் மேல் படுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.

"பேப்பர் பாத்தீங்களா? நம்ம ஏரியா ரேட்டு!"
"பார்த்தேன்."
"வித்துட்டுப் போயிடலாம்னு தோணுது சில நேரம்."
"எங்கே போவீங்க?"
யோசித்தார்.
"போற எடத்துலயும் ஏறித்தானே இருக்கும்" என்றார்,
தனக்கே ஒரு பில் நீட்டுவதுபோல.

விளக்கு அணைந்தது.
எனக்குக் கணக்கு ஓடியது.
ஆறுக்கு ஐந்து இந்தப் பெட்டி, முப்பது சதுர அடி.
நாற்பத்தெட்டால் வகுத்தால்
ஒருவருக்குத் தொண்ணூறு சதுர அங்குலம்.
ஒன்பதுக்குப் பத்து.
என் ஐந்தாம் நம்பர் செருப்புகளைச்
சேர்த்து வைத்துப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.
இத்தனை நாள் தேடியதில்
முதன்முதலாக ஒரு துண்டு கிடைத்துவிட்டது,
கடன் தீர இன்னும் பத்தொன்பது வருஷம் இருக்க.

மேலே யாரோ கதவைத் தட்டி
"இருங்க, வர்றோம்" என்றார்கள்.
நான் அசையாமல் நின்றேன்.
தக்காளிப் பையை மட்டும்
வேறு யாரோ வீட்டின் பங்கில் வைத்திருந்தேன்.